அட்டை குத்தும் மெஷினில் கிளட்ச், பிரேக் தகராறு: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

தறியில் பூவேலை நெய்வதற்காகத் துளை குத்தும் ஜக்கார்டு அட்டையில் ஒரு வரிசை பிசகினால் முதல் சந்தேகம் துளை போடும் பஞ்ச் மேல்தான் விழும். பஞ்சில் குறை தெரியாவிட்டால் ஸ்பானர் நேரே பிரேக் நட்டுக்குப் போகும். அரைச் சுற்று இறுக்கியதும் மெஷின் ஒழுங்காக நிற்கும். சில நாளில் அதே கோளாறு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டிருந்ததை இறுகிய பிரேக் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அதனால் நிற்பதில் என்ன தகராறு வந்தாலும் கிளட்ச் விடுகிறதா என்பதை முதலில் பாருங்கள்; பிரேக் பிடிக்கிறதா என்பது அதற்குப் பிறகு.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மோட்டாரில் ஓடும் மெஷின்கள். ஃப்ளைவீல் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தாலோ கன்ட்ரோலரிலிருந்து சிக்னல் வந்தாலோ மெயின் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்று சுற்றி, ஒரு வரிசையைக் குத்திவிட்டு, பஞ்சுகளை அழுத்தும் தலை மேலே இருக்கும்போது நிற்கும். முழுக்கக் காலால் மிதித்து ஓட்டும் பியானோ மெஷினில் கிளட்ச்சே இல்லை. அதில் வரும் பிசகுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

## உங்களிடம் இருப்பது எந்த வகை

ஃப்ளைவீலை ஒட்டி ஷாஃப்டில் ஒரு சிறிய வால் நீட்டிக்கொண்டிருந்து, அதை ஒரு லீவரின் (ட்ரிப் லீவர்) மூக்கு தடுத்து நின்றால் அது ரோலிங் கீ கிளட்ச். அந்த வால், ஷாஃப்டில் படுத்திருக்கும் ‘கீ’ என்ற எஃகுத் துண்டின் முனை; லீவர் விலகினால் கீ எழுந்து ஃப்ளைவீலின் பள்ளத்தில் மாட்டி ஷாஃப்டைச் சுற்ற வைக்கும். ஷாஃப்டின் மறுமுனையில் டிரம்மைச் சுற்றி லைனிங் வைத்த பட்டை பிரேக் இருக்கும்.

வட்டமான காயில் கூட்டுக்குள் இரண்டு ஒயர் போய், எதிரே ஒரு தட்டு மயிரிழை இடைவெளியில் நின்றால் அது மின்காந்த கிளட்ச். இந்த வகையில் பிரேக் இரண்டு விதம். மெயினை அணைத்து, ஃப்ளைவீல் நின்ற பிறகு ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால் கரன்ட் வந்தால் பிடிக்கும் பிரேக். அசையாமல் நின்றால் ஸ்பிரிங் பிடித்து, கரன்ட் வந்தால் விடும் பிரேக். இதை மெஷினிலேயே எழுதி ஒட்டி வையுங்கள். லைனிங் தேய்ந்தால் முதல் வகை பிடிக்காமல் போகும். இரண்டாவது வகை விடாமல் போகும். இது தெரியாமல் இடைவெளியில் கை வைத்தால் கோளாறு இரண்டாகும்.

## கை வைப்பதற்கு முன்

மெயின் சுவிட்ச் அணைந்ததும் ஃப்ளைவீல் நிற்காது. அதில் மிச்சம் இருக்கும் வேகமே ஒரு முழு அடிக்கு, அதாவது தலை ஒரு தடவை இறங்கி ஏறுவதற்கு, போதும். நிற்கும்வரை காத்திருங்கள். ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். கட்டையை எடுத்த பிறகுதான் ஃபியூஸ் திரும்பப் போக வேண்டும்.

பழைய மெஷினில் பிரேக் லைனிங் என்ன பொருள் என்று தெரியாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து ஊதக் கூடாது, உலர்ந்த நிலையில் எமரி போடக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

வேண்டிய சாமான்: இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டார்ச், எண்ணெய்ப் பிசுக்கு விடாத பிரேக் கிளீனர், காகித நாடா, பென்சில்.

## பத்து அடி சோதனை

எந்த அறிகுறிக்கும் இதுதான் முதல் வேலை. பத்து நிமிடம் ஆகும்.

பிரேக் டிரம்மைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, ஃபிரேமில் அசையாத ஒரு கம்பியை முள்ளாக வையுங்கள். கையால் திருப்பித் தலையை உச்சிக்குக் கொண்டுவந்து அங்கே பூஜ்யம் போடுங்கள். கட்டையை எடுத்து, மூடிகளை மாட்டி, ஃபியூஸைப் போடுங்கள். அட்டை இல்லாமல், எந்தப் பஞ்சையும் தேர்ந்தெடுக்காமல், பத்துத் தடவை ஒற்றை அடி கொடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் எங்கே நின்றது என்பதை, தலைக்கும் அட்டை கிடக்கும் படுக்கைக்கும் நடுவே கை போகாமல், பென்சிலில் குறியுங்கள். டிரம் 150 மி.மீ. விட்டம் என்றால் 10 பாகை நாடாவில் சுமார் 13 மி.மீ. ஆகத் தெரியும், கண்ணுக்கே போதும்.

பத்துக் கோடும் நெருக்கமாக, ஆனால் பூஜ்யத்தை விட்டுத் தள்ளி விழுந்தால் அது வெறும் அட்ஜஸ்ட்மென்ட் விஷயம்: பட்டையின் இறுக்கம் அல்லது, மின்காந்த வகையில், உச்சியில் நிறுத்தச் சொல்லும் சென்சாரின் இடம். கோடுகள் சிதறி விழுந்தால் அட்ஜஸ்ட் செய்து பயன் இல்லை. லைனிங்கில் எண்ணெய், ஆட்டம் கண்ட கீ, தளர்ந்த பிராக்கெட் மாதிரி ஏதோ நிலையில்லாமல் இருக்கிறது. முதல் கோட்டிலிருந்து பத்தாவதுவரை ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் சூடு.

அட்டையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்றால், தாமதமாகத்தான் முடியும். 20 மி.மீ. அடி உள்ள தலையில் ஷாஃப்ட் 15 பாகை தாண்டி நின்றாலும் பஞ்ச் இறங்குவது 0.3 மி.மீ. சொச்சம்தான். அட்டையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. 40 பாகை தாண்டினால்தான் 2 மி.மீ. அளவுக்கு இறங்கி, பஞ்ச் அட்டையைத் தொடும் அபாயம் வரும். அட்டை கிழியத் தொடங்கும்போது பிரேக் கெட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.

பத்துக் கோடும் உச்சிக்கு இரண்டு பக்கமும் 5 பாகைக்குள் இருந்தால் நல்ல நிலை. 15-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பது உத்தமம். மெஷினுக்கான கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒரு மிதிக்கு இரண்டு அடி

அட்டையில் ஒரே அமைப்பு அடுத்தடுத்து இரண்டு வரிசையில் விழும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு வரிசை தள்ளிப் போகும், கடைசி வரிசைக்கு அட்டையில் இடம் இருக்காது. அட்டை வீணாவது சின்ன நஷ்டம். கை அட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது இரண்டாவது அடி விழுந்தால் விரல் போகும். “எப்போதாவது ஒரு தரம்தான்” என்று சொல்லி ஓட்டக் கூடாத கோளாறு இது ஒன்றுதான். காரணம் தெரியும்வரை மெஷின் நிற்கட்டும்.

### ரோலிங் கீ வகையில்

1. பெடலுக்கு அடியில் பாருங்கள். குத்தி விழும் வட்டத் துண்டுகளும் தூசியும் அடைந்து பெடல் முழுதாக மேலே வராமல் இருக்கும். கூட்டி எடுத்தாலே பாதி வழக்குத் தீரும்.

2. பெடல் கம்பியை ட்ரிப் லீவரிலிருந்து கழற்றி, லீவரை மட்டும் விரலால் இழுத்து விடுங்கள். டக்கென்று திரும்பி வந்து உட்கார்ந்தால் லீவரும் அதன் ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு கம்பியிலும் பெடல் பக்க ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. மெதுவாக வந்தால் லீவரின் பின்னைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சோம்பலாக வந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். பழைய ஸ்பிரிங்கை இரண்டு சுருள் வெட்டிக் கட்டினால் கொக்கி விளிம்பில் முறியும். அந்தச் சிக்கனம் இங்கே வேண்டாம்.

3. பெடலை மிதித்தபடியே வைத்திருந்தாலும் ஒரு அடியோடு நிற்க வேண்டிய மெஷின் என்றால், ஒவ்வொரு அடியிலும் பெடல் கம்பியை லீவரிலிருந்து விடுவிக்கும் சிறிய பூட்டு ஒன்று இருக்கும். அதன் விளிம்பு மழுங்கினால் பூட்டு விடுபடாது. சோதனை எளிது: தலைக்கு அடியில் எதுவும் இல்லாமல், பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அடி விழுந்தால் குறை அதில்தான்.

4. டார்ச் அடித்து லீவர் மூக்கும் கீயின் வாலும் சேரும் இடத்தைப் பாருங்கள். புதிதில் இரண்டும் சதுர விளிம்பு, முழு முகமும் பொருந்தி நிற்கும். தேய்ந்ததில் மூலை உருண்டு, பளபளப்பான ஒரு சரிவு தெரியும். அந்தச் சரிவு வழியாக வால் நழுவும்போதுதான் இரண்டாவது அடி விழுகிறது. லேசான உருட்டு என்றால் சாணைக்கல்லில் விளிம்பை நேராக்கலாம். 1 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் மாற்றுங்கள். வெல்டிங் வைத்து அரத்தால் தேய்த்து உருவாக்கும் பழக்கம் உண்டு. மூக்கு கடினமாக்கப்பட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், சீக்கிரமே பழையபடி உருண்டுவிடும்.

5. இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது பிரேக். பட்டை தளர்ந்திருந்தால் ஷாஃப்ட் லீவரில் மோதிச் சற்றுப் பின்னால் துள்ளும். அந்தத் துள்ளலில் கீ பாதி எழுந்து ஃப்ளைவீலின் பள்ளத்தில் மறுபடி விழும். பத்து அடி சோதனையில் கோடு உச்சிக்கு இரண்டு பக்கமும் சிதறுவது இதன் அடையாளம். நட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் இறுக்காதீர்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

6. கீயின் உள் ஸ்பிரிங் முறிந்தது, கீயே விரிசல் விட்டது: ஃப்ளைவீலைக் கழற்றாமல் தெரியாது. இது மெக்கானிக் வேலை.

### மின்காந்த வகையில்

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கிளட்ச் காயிலின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். மெஷின் ஆன், பெடல் மிதிக்கப்படவில்லை: மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். இந்த ஒரே அளவில் வழி இரண்டாகப் பிரிகிறது.

வோல்ட் இருந்தால் கோளாறு மின்சாரத்தில். பெடல் சுவிட்சின் ஒயரை, மெயினை அணைத்துவிட்டு, கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு வந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வராவிட்டால் ரிலேயின் காண்டாக்ட் உருகி ஒட்டியிருக்கும், அல்லது கன்ட்ரோலர் கார்டில் உள்ள டிரான்சிஸ்டர் ஷார்ட். ரிலே சாக்கெட்டில் செருகும் வகை என்றால் அதே நம்பர் புதிய ரிலே போட்டுப் பார்க்கலாம். கார்டை எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வோல்ட் பூஜ்யம், ஆனாலும் ஷாஃப்ட் நகர்கிறது என்றால் கோளாறு இயந்திரத்தில். தட்டுக்கும் காயில் முகத்துக்கும் இடையே ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள். சிறிய கிளட்ச்சுகளில் இடைவெளி 0.2 மி.மீ., கொஞ்சம் பெரியதில் 0.3 முதல் 0.5 வரை வைப்பது வழக்கம். ஒரு பக்கம் 0.3, மறுபக்கம் கேஜே நுழையவில்லை என்றால் தட்டைப் பின்னிழுக்கும் இலை ஸ்பிரிங் ஒன்று முறிந்திருக்கும் அல்லது ரிவெட் தளர்ந்திருக்கும். இடைவெளி சரியாக இருந்தும் ஒட்டினால் நடுவில் எண்ணெயும் காகிதத் தூசியும் கலந்த பசை இருக்கிறது.

இரண்டாவது அடியோடும் நிற்காமல், ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் நிறுத்தும் சென்சாரைப் பாருங்கள். பிராக்கெட் தளர்ந்து சென்சார் விலகியிருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் உணர் தூரத்தில் பாதியளவு இடைவெளியில் வைத்து இறுக்குங்கள். விளிம்பிலேயே வைத்தால் அதிர்வில் விட்டுவிட்டுப் பிடிக்கும்.

அண்மையில் யாராவது காயிலுக்குக் குறுக்கே உள்ள சிறிய பாகத்தை மாற்றினார்களா என்றும் விசாரியுங்கள். முதலில் வேரிஸ்டர் இருந்த இடத்தில் சாதாரண டயோடு போட்டால் காயில் உடனே விடாது. உள்ளே கரன்ட் சுற்றிச் சுற்றி மெல்ல அடங்கும். நிமிடத்துக்கு 120 சுற்றில் ஓடும் ஷாஃப்ட் 0.01 விநாடியில் 7 பாகை நகர்ந்துவிடும். இந்தத் தாமதம் அதைப் போல் பல மடங்கு. “கார்டு மாற்றியதிலிருந்து பிரேக் சரியில்லை” என்று வரும் புகாரில் பலது இதுதான்.

## அறிகுறி: உச்சியில் நிற்கவில்லை

### தாண்டி நிற்கிறது

லைனிங்கைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்புப் பிசுக்கு ஒட்டினால் அட்ஜஸ்ட்மென்டுக்குப் போகாதீர்கள். பேரிங்கிலிருந்து எண்ணெய் வழிந்து வருகிறது. முதலில் அதை நிறுத்த வேண்டும். பேரிங்குக்கு எண்ணெய் விடுபவர் கை தாராளமானவர் என்றால் அதுவே காரணம். டிரம்மைக் கிளீனரால் துடையுங்கள். லைனிங் மேலோடு மட்டும் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துத் தேறும்; ஊறிப்போனதைத் துடைத்து வைத்தால், சூடேறியதும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். அதை மாற்றத்தான் வேண்டும்.

பிசுக்கு இல்லை, கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்றால் லைனிங் பாலிஷ் ஏறிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியானால் நடுத்தர எமரியால் மேலோட்டைக் கீறிவிட்டால் போதும். பாலிஷ் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் எந்நேரமும் லேசாக உரசிக்கொண்டிருப்பது, அதையும் பாருங்கள்.

பட்டை பிரேக்கில் ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு வந்துவிட்டால் அன்றே மாற்றுங்கள். விட்டால் டிரம்மில் வரி விழும், பிறகு டிரம்மையும் லேத்தில் கடைய வேண்டி வரும்.

சில மெஷின்களில் பிரேக் டிரம் வேண்டுமென்றே மையம் விலகி இருக்கும். தலை மேலே ஏறும்போது பட்டை இறுகும், இறங்கும்போது தளரும். டிரம்மைக் கழற்றி மாட்டியவர் அதைத் திருப்பி மாட்டினால் பிரேக் தப்பான பாதியில் பிடிக்கும். கையால் ஒரு சுற்று திருப்பி, இறுக்கம் எங்கே வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

### எட்டாமல், முன்கூட்டியே நிற்கிறது

பிரேக் இறுகிப்போனது. ரோலிங் கீ மெஷினில் இதற்குத் தெளிவான அடையாளம் உண்டு: அடி எதுவும் இல்லாமல் மெஷின் சும்மா ஓடும்போது ஃப்ளைவீலின் சுற்றுக்குச் சுற்று ‘டிக்’ என்று ஒரு சத்தம். உச்சிக்கு வருமுன் ஷாஃப்ட் நின்றுவிட்டதால் கீ முழுதாக உள்ளே படுக்கவில்லை. வெளியே தெரியும் அதன் ஓரத்தை ஃப்ளைவீலின் பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் தட்டிப்போகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 7200. கீயின் மூலை உருளுவது இப்படித்தான். பிறகு மேலே சொன்ன இரட்டை அடி வருவதும் இதனால்தான். டிக் சத்தம் கேட்டால் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். சத்தம் அடங்கி, பத்துக் கோடும் நெருங்கி விழும் இடமே சரியான இடம்.

தளர்த்தினால் தாண்டுகிறது, இறுக்கினால் டிக் என்கிறது, நடுவில் இடமே இல்லை என்றால் கீயோ லீவரோ தேய்ந்துவிட்டது. பிரேக் நட்டில் இனி விடை கிடையாது.

ஸ்பிரிங் பிடிக்கும் மின்காந்த பிரேக்கில் முன்கூட்டி நின்றால், அல்லது நகரவே திணறினால், பிரேக் விடவில்லை என்று பொருள். தேய்மானத்தால் இடைவெளி அகன்று காயிலால் தட்டை இழுக்க முடியவில்லை. ஃபீலர் கேஜ் வைத்து, ஷிம் என்ற மெல்லிய தகடு எடுத்தோ சரிசெய்யும் நட்டைத் திருப்பியோ, இடைவெளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

## அறிகுறி: மிதித்தால் ஒன்றும் நடக்கவில்லை

ஃப்ளைவீல் சுற்றுகிறது, ஷாஃப்ட் அசையவில்லை. பார்க்க வேண்டிய வரிசை:

மூடி, அட்டை இருப்பு, பஞ்ச் பெட்டி இவற்றின் பாதுகாப்பு சுவிட்சுகள் முதலில். ஒன்று திறந்திருந்தாலும் கிளட்ச்சுக்குச் சிக்னல் போகாது. சுவிட்சை ஒயரால் ஷார்ட் செய்து ஓட்டிப் பார்ப்பதைச் செய்யாதீர்கள். கழற்ற மறந்துபோவதுதான் வழக்கம்.

பிறகு ஃபியூஸ். பிறகு காயில் முனையில் வோல்ட்: மிதித்ததும் 24 வோல்ட் காயிலில் 24-க்குப் பக்கத்தில் வர வேண்டும். கபாசிட்டர் இல்லாத பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் ஒரு டயோடு திறந்துபோனால் மீட்டர் பாதியளவு காட்டும், கிளட்ச் ‘ர்ர்’ என்று முனகும்.

வோல்ட் சரி என்றால், மெயினை அணைத்து ஒயரைக் கழற்றிக் காயிலின் ஓம் அளந்து பாருங்கள். வர வேண்டிய அளவைப் பெயர்ப்பலகையிலிருந்தே கணக்கிடலாம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம். 24 வோல்ட், 15 வாட் என்றால் 38 ஓம் சொச்சம். முடிவில்லா ஓம் காட்டினால் காயில் அறுந்துவிட்டது. மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட். அந்த நிலையில் புதிய ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். கார்பன் பிரஷ் உள்ள பழைய வகையில், காயிலைக் குற்றம் சொல்லுமுன் பிரஷும் வளையமும் தொடுகின்றனவா என்று பாருங்கள். வளையத்தில் படிந்த கறுப்பைத் துடைத்ததும் உயிர் வந்துவிடும்.

காயிலும் நல்லது, வோல்ட்டும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை: இடைவெளி அகன்றுவிட்டது. தட்டை மரக்கட்டையால் லேசாகக் காயில் பக்கம் தள்ளினால் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். சுற்றும் மெஷினில் அதைச் செய்ய வேண்டாம். நிறுத்தி, கேஜால் அளந்தாலே விடை தெரியும்.

ரோலிங் கீ மெஷின் என்றால்: பெடல் கம்பியின் பின் விழுந்திருக்கும், அல்லது லீவர் வாலைவிட்டு முழுதாக விலகும் அளவுக்குக் கம்பியின் நீளம் போதாமல் இருக்கும். இரண்டும் சரி என்றால் கீயைத் தள்ளிவிடும் ஸ்பிரிங் போய்விட்டது.

## அறிகுறி: நிறையத் துளை விழும் வரிசையில் மட்டும் திணறல்

ஒன்றிரண்டு துளை உள்ள வரிசை சுத்தமாக விழும். 12 துளையும் ஒன்றாக விழ வேண்டிய வரிசையில் ஷாஃப்ட் தயங்கும், வட்டத் துண்டுகள் முழுதாக அறுபடாமல் தொங்கும். உடனே கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவு கட்டி லைனிங் வாங்கிவிடுவார்கள். பாவம், கிளட்ச்சின் மேல் தப்பில்லை. பல சமயம் சுமைதான் ஏறியிருக்கிறது.

ஃப்ளைவீலிலும் ஷாஃப்டிலும் நேர் கோடாகச் சாக்பீஸ் குறி போடுங்கள். 12 துளை வரிசை ஒன்றை, ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மெல்லப் படம் பிடித்துக்கொண்டே குத்துங்கள். இப்போதைய கைபேசி கேமராவின் மெதுவோட்டமே போதும். கிளட்ச் பிடித்த கணத்திலிருந்து இரண்டு குறிக்கும் உள்ள தூரம் மாறாமல், இரண்டும் சேர்ந்து வேகம் குறைந்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது: பெல்ட் வழுக்குகிறது அல்லது மோட்டாரில் பலம் இல்லை. ஃப்ளைவீல் குறி ஓடி, ஷாஃப்ட் குறி பின்தங்கினால் வழுக்குவது கிளட்ச்.

அப்படி வழுக்கினாலும் முதலில் பஞ்சைப் பாருங்கள். மழுங்கிய பஞ்ச் அட்டையை அறுக்காமல் அமுக்கிக் கிழிக்கும். விழும் துண்டின் ஓரம் நாராகப் பிய்ந்திருக்கும். ஈரம் இழுத்து உப்பிய அட்டையும் வழக்கத்தைவிடத் தடித்த அட்டையும் இதே வேலையைச் செய்யும். நல்ல உலர்ந்த அட்டையில் ஒரு தடவை, இரண்டு அட்டையை ஒன்றாக வைத்து ஒரு தடவை என்று ஒப்பிடாதீர்கள், பஞ்ச் முறியும். உலர்ந்த அட்டையில் மட்டும் பாருங்கள்.

பஞ்சும் அட்டையும் நல்லது என்று தெரிந்த பிறகு கிளட்ச் முகத்தில் எண்ணெய், பிறகு காயில் வோல்ட், பிறகு இடைவெளி, கடைசியாக லைனிங். செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

## அறிகுறி: காலையில் சரி, சில மணி நேரம் ஓடியதும் தகராறு

சூடுதான். எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

காயில் சூடானால் செம்பின் எதிர்ப்பு பாகைக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 பாகை செல்சியஸில் 40 ஓம் உள்ள காயில் 80 பாகையில் 49 ஓம் ஆகிவிடும். கரன்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பிடியும் அதற்கு மேல் குறையும். இடைவெளி ஏற்கனவே அகன்றிருக்கும் கிளட்ச் குளிரில் எப்படியோ சமாளித்து, சூட்டில் கைவிடும். ஆகவே கோளாறு வந்த அந்த நேரத்திலேயே அளந்து பாருங்கள். ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே காட்டும்.

கிளட்ச் விடுமுன் பிரேக் பிடித்தாலும், பிரேக் விடுமுன் கிளட்ச் பிடித்தாலும் இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்த்து உரசும். வேலை ஒழுங்காகவே நடக்கும். சூடும் கருகல் வாடையும் மட்டும் சேரும். கன்ட்ரோலரில் தாமத அளவு இருந்தால் பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் சூடு குறைந்தால் காரணம் கிடைத்தது.

மெஷின் நின்று, ஆறிய பிறகு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். பட்டை எங்காவது உரசினால் அதன் மறுமுனையில் உள்ள பின் துருவேறி இறுகியிருக்கும்.

## அறிகுறி: சத்தம் மட்டும்

பிடிக்கும்போது ‘டம்’ என்று கனமான தட்டு: கீ பள்ளத்தில் ஆட்டம், அல்லது தலை தன் எடையில் முந்தி ஓடுகிறது. இரண்டாவதை இறங்கும் பாதியில் பிரேக்கின் லேசான இழுப்பு அடக்க வேண்டும். பிரேக் முழுதாகத் தளர்ந்தால் இந்தத் தட்டு வரும். நிற்கும்போது கீச்சிட்டால் பாலிஷ் ஏறிய லைனிங். எந்நேரமும் உறுமினால் ஃப்ளைவீலின் புஷ் வறண்டுவிட்டது. கிரீஸ் முனை வழியாகக் கொஞ்சமாகக் கிரீஸ் கொடுத்து, வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள்.

## லைனிங்கோ தட்டோ மாற்றிய பிறகு

புது லைனிங் முதல் நாளே முழுப் பிடி கொடுக்காது. அட்டை இல்லாமல், இடைவெளி விட்டு விட்டு, சில டஜன் வெற்று அடி கொடுத்து முகங்கள் படியவிடுங்கள். படிந்ததும் இடைவெளி மாறியிருக்கும்; திரும்ப அளந்து சரிசெய்யுங்கள். பத்து அடி நாடாவைத் தேதி போட்டுப் பழைய நாடாவோடு வைத்துக்கொண்டால் அடுத்த தடவை ஒப்பிட உதவும்.

## எந்த இடத்தில் கை எடுக்க வேண்டும்

ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டிய எந்த வேலையும், அதை இழுத்துக் கழற்றும் புல்லர் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு உரியது. சுத்தியலால் அடித்து இறக்கினால் ஷாஃப்ட் வளையும், கீயைவிட ஷாஃப்டுக்குப் பல மடங்கு செலவு. கீயிலோ பள்ளத்திலோ மயிரிழை விரிசல் தெரிந்தால் அதோடு ஒரு அடிகூடக் குத்த வேண்டாம்.

காயிலிலிருந்து மெஷின் உடம்புக்குக் கரன்ட் கசிகிறது, மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கசிவு பார்க்கும் மெக்கரில் சோதிப்பதற்கு முன் கன்ட்ரோலர் கார்டின் ஒயர்களைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சோதனையிலேயே கார்டு போகும்.

இரட்டை அடிக்குக் காரணம் கிடைக்காமலேயே அது தானாக நின்றுபோனால், சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். வருபவரிடம் நாடாவையும், கோளாறு விழுந்த அட்டையையும், காயிலின் ஓமை ஆறிய நிலையிலும் சூட்டிலும் அளந்த இரண்டு எண்களையும், கடைசியாக எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதையும் கொடுங்கள். பிரேக் நட்டை இதுவரை எத்தனை சுற்று, எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.